மாலையானால் ஓயாமல் அழுகிறாள்: தாய்ப்பால் போதவில்லையா?

செம்பூர்த் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வசிக்கிறோம். எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பெண் குழந்தை, சுகப்பிரசவம், பிறந்தபோது எடை 2.9 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவருகிறேன். பகலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை குடித்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் விளக்கு வைக்கும் நேரம் தொடங்கி இரவு பத்து மணி வரை மடியைவிட்டு இறங்குவதே இல்லை. சற்று நேரம் குடிக்கிறாள், விட்டுவிட்டு அழுகிறாள், மறுபக்கம் மாற்றினால் மீண்டும் கொஞ்சம் குடித்துவிட்டு முகம் சிவக்க அழுகிறாள். அந்த வேளையில் என் மார்பும் தளர்ந்து, பாலே இல்லாததுபோலத் தோன்றுகிறது. வலப்பக்கக் காம்பில் வெடிப்பும் இருப்பதால், அந்தப் பக்கம் கொடுக்கத் தொடங்கும்போது வலி உயிர்போகிறது.

எங்களைக் கவனித்துக்கொள்வதற்காகத் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்திருக்கிறார்கள். குழந்தையின் மேல் அவர்களுக்கு அளவற்ற பாசம். அந்தப் பாசத்தால்தான், பிள்ளைக்குப் பால் பற்றவில்லை என்று மாலைதோறும் கலங்குகிறார்கள். இந்த அக்டோபர் புழுக்கத்தில் நாக்கு வறண்டுவிடும், ஆற வைத்த வெந்நீரில் சிறிது சர்க்கரை கலந்து கொடுக்கலாம் என்கிறார்கள். வசம்பு சேர்த்து உரை மருந்து கொடுக்கவும் விரும்புகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, இரவில் ஒருவேளை பவுடர் பால் கொடுத்தால் குழந்தையும் தூங்கும், நானும் தூங்கலாம் என்று சொல்கிறார்.

என் கணவர் அந்தேரியிலிருந்து ரயில் மாறி வீடு வந்து சேர ஒன்பது மணியாகிறது. அதற்குள் நானும் அத்தையும் சோர்ந்துவிடுகிறோம். என் பால் உண்மையிலேயே போதவில்லையா? அதை வீட்டிலிருந்தபடி எப்படித் தெரிந்துகொள்வது? பவுடர் பால் தொடங்கினால் தாய்ப்பால் குறைந்துவிடுமா? இன்னும் இரண்டரை மாதத்தில் பாந்திரா குர்லா வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்கு நான் திரும்ப வேண்டும் என்பதையும் மனத்தில் கொண்டு வழி சொல்லுங்கள்.

சயான் செவிலி (பதில்)

அன்புத் தங்கைக்கு, மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதில் உடனே அஞ்ச வேண்டிய அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் தெரியவில்லை என்பதோடு நிறுத்திவிடாமல், நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையும் சொல்லாது, மார்பின் கனமும் சொல்லாது. நனையும் துணியும் எடையும்தான் சொல்லும். முதல் வாரம் கடந்த குழந்தை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போது 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதால் எண்ணிக்கை தெரியாது. ஆகவே ஒருநாள் முழுக்க வெறும் துணி கட்டி, அத்தையையே கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களின் கலக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அடுத்தது எடை. பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை கூடும். உங்கள் மகள் இப்போது மூன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் கவலையே வேண்டாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போது உடையைக் களைந்து, முடிந்தால் முன்பு பார்த்த அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை மிகவும் பின்தங்கியிருந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படித்தான். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

மார்பு தளர்ந்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பிரசவமான முதல் சில வாரங்களில் பால் தேவைக்கு மிஞ்சிச் சுரந்து கட்டிக்கொள்ளும். ஐந்து, ஆறு வாரம் ஆகும்போது குழந்தை குடிக்கும் அளவுக்கேற்பச் சுரப்பு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வதால், அந்தக் கனம் போய்விடுகிறது, பால் போய்விடுவதில்லை. குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே பால் ஊறுகிறது. மார்பில் தேங்கிய பால் குறையக் குறைய ஊறும் வேகம் கூடுகிறது. மாலையில் அடிக்கடி மார்பைத் தேடுவது இந்த வயதுக் குழந்தைகள் பலரிடமும் காணும் வழக்கம். குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்தை எட்டும். மூன்று, நான்கு மாதத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். நீங்கள் இப்போது அந்த உச்சியின் அருகில் நிற்கிறீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் காம்பு வெடிப்புத்தான். குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படிக் குடித்தால் உங்களுக்கும் வலிக்கும், அவளுக்கும் பால் குறைவாகவே வரும். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல், குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். தலை மட்டும் திரும்பியிருக்கக் கூடாது. மூக்கின் நேரே காம்பு வருமாறு பிடித்து, மேலுதட்டில் மெல்லத் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, திறந்தவுடன் சட்டென்று அருகில் அணையுங்கள். தாடை முதலில் மார்பைத் தொட வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேற்பக்கம் கொஞ்சம் தெரியலாம், கீழ்ப்பக்கம் வாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். சரியாகப் பற்றிவிட்டால் முதல் சில நொடிகளுக்குப் பிறகு வலி இருக்காது. விழுங்கும் ஒலியும் கேட்கும். வலி தொடர்ந்தால் இழுத்து எடுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடிப்பை விடுவித்து, மறுபடி பற்ற வையுங்கள். கொடுத்து முடித்தபின் சில துளிப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலரவிடலாம். மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, உங்களுக்கும் காய்ச்சல் வந்தால் அது பால் கட்டியதால் வந்த அழற்சியாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால், மும்பைப் புழுக்கத்திலும் ஆறு மாதம் வரை வேறு நீர் தேவையில்லை. சர்க்கரைத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும். உரை மருந்தில் எவ்வளவு வசம்பு உள்ளே போகிறது என்பது யாருக்கும் தெரியாது, அதை உரைக்கும் கல்லில் கிருமியும் சேரலாம். ஒரு வயது வரை தேனையும் நாக்கில் தடவ வேண்டாம். அதிலிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு பச்சிளங்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். மருத்துவர் சொல்லும் வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும், நாளொன்றுக்கு 400 அலகு, தவறாமல் கொடுங்கள்.

மாட்டுங்கா பாட்டி (பதில்)

அன்பு மகளே, செவிலி அம்மா எழுதிய பிறகு மருத்துவத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளை இந்த ஊரிலேயே வளர்த்தெடுத்தவள் என்பதால், உன்னைப் பற்றியும் உன் அத்தையைப் பற்றியும் சொல்கிறேன்.

பால் பற்றவில்லை என்று ஒரு தாயிடம் மாலைதோறும் சொன்னால், அவள் மனம் துவண்டுபோகும்; மனம் கலங்கியிருக்கும்போது சுரந்த பாலும் எளிதில் இறங்கி வராது. உன் அத்தைக்கு அதை எடுத்துச் சொல்ல நீ தயங்கலாம், உன் கணவர் தயங்கக் கூடாது. அதே சமயம் அவர்களை ஒதுக்கிவிடாதே. நீ பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பது, சன்னலோரம் காற்றாட ஏந்தி நடப்பது, தாலாட்டுவது ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படைத்துவிடு. பசியில்லாத அழுகை பாதி அங்கேயே அடங்கிவிடும். அந்த இடைவெளியில் நீ கண்ணை மூடிப் படுத்துக்கொள்.

இனி பத்தியம். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்து, கீரையையும் காயையும் விலக்கி, சோறும் வறுத்த பூண்டுமாகக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த ஊர் வெயிலில் அது உன்னை வாட்டிவிடும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். தாகம் தீரக் குடி. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, வெந்தயக் கஞ்சி எல்லாம் நல்ல உணவுகளே. இங்கே மராத்தி வீடுகளில் தரும் கோந்து லட்டும் வெந்தய லட்டும்கூட உடம்புக்குத் தெம்பு தருபவை, கொடுத்தால் மகிழ்ச்சியோடு சாப்பிடு. ஆனால் பாலைப் பெருக்குவது பிள்ளை குடிப்பதுதான். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பதை உன் அத்தையும் அறிவார்கள், ஊரில் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

இரட்டையர் தாய், தாராவி (பதில்)

சகோதரிக்கு வணக்கம். மேலே சொன்ன அனைத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இந்தப் பேச்சைப் படிக்கும் தாய்மார்களில், உண்மையாகவே பவுடர் பால் தேவைப்படுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகவும் சில வரிகள் எழுத வேண்டும். என் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்த இரட்டையர். எடை ஏறாததால் மருத்துவரே கூடுதலாகப் பவுடர் பால் கொடுக்கச் சொன்னார். உறவினர் பலர் அதை என் குறையாகவே பேசினார்கள். அது எந்தத் தாயின் குறையும் அன்று. குழந்தை பசியாறி வளர்வதுதான் முதன்மை.

மருத்துவர் சொல்லிக் கொடுக்க நேர்ந்தால், செய்முறையில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பவுடர் முற்றிலும் கிருமியற்ற பொருள் அன்று. அதனால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அரை மணி நேரத்துக்குள், அதாவது சூடு 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்குள், பவுடரைக் கலந்து, பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். டப்பாவில் உள்ள கரண்டியால், டப்பாவில் எழுதியுள்ள அளவுப்படியே கலக்க வேண்டும். விலை அதிகம் என்பதற்காகத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்துப் பிள்ளை மெலிந்துபோன வீடுகளை எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. கலந்து இரண்டு மணி நேரம் கடந்த பாலைக் கொட்டிவிட வேண்டும். புட்டியின் இடுக்குகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது கடினம் என்பதால், எங்கள் மருத்துவமனையில் பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில்தான் புகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும் இந்த ஊரில் அது எனக்கு மிகவும் உதவியது.

மருத்துவக் காரணம் இல்லாமல், தூக்கத்துக்காக மட்டும் தொடங்குவதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். அந்த ஒரு வேளை மார்பில் பால் இறங்காமல் போனால், அந்த வேளைக்குப் பால் தேவையில்லை என்று உடல் எடுத்துக்கொள்ளும். இரவில்தான் பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன் மிகுதியாக இருக்கிறது என்பதால் இழப்பும் அதிகம். இந்தப் பொருட்கள் தாய்ப்பாலுக்கு நிகர் என்ற எண்ணம் பரவக் கூடாது என்பதற்காகவே, 1992ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விளம்பரத்தைத் தடைசெய்து, டப்பாவில் குழந்தையின் படம் போடவும் கூடாது என்று விதித்திருக்கிறது.

முலுண்ட் வாசகி (பதில்)

வேலைக்குத் திரும்புவது பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். முதலில் ஒரு கேள்வி: ஏன் இத்தனை விரைவாகத் திரும்புகிறீர்கள்? மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாட்கள் பணிபுரிந்திருந்தால் போதும். மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், எழுத்துமூலம் கேளுங்கள். திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்கென நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் உங்களுக்கு உரியவை. பாலைப் பீய்ச்சி எடுப்பதற்கு நான் அவற்றைத்தான் பயன்படுத்தினேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், அங்கே நாளுக்கு நான்கு முறை சென்றுவரத் தாய்க்கு அனுமதி உண்டு. ஆயினும் காலை நேரக் குர்லா நிலையத்தின் நெரிசலில் கைக்குழந்தையோடு ஏறி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே பால் எடுத்துச் சேமித்துப் பழகுங்கள். அதிகாலையில் குழந்தை ஒருபக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கம் எடுப்பது எளிது. எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் அறை அதைவிடச் சூடாக இருப்பதால், எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதே நல்லது. கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். தேதி எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவில் சூடாக்கவும் கூடாது. வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் போதும். கொழுப்பு மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று அத்தை கொட்டிவிடப் போகிறார்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அலுவலகத்தில் எடுத்த பாலைப் பனிக்கட்டிப் பொதிகள் வைத்த சிறு பையில் கொண்டுவரலாம். பெண்கள் பெட்டியில் அந்தப் பையைப் பார்த்துவிட்டு எனக்கு இருக்கை கொடுத்த முகம் தெரியாத பெண்கள் பலர். அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

செம்பூர்த் தாய் (மறுமொழி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒருநாள் துணி கட்டி அத்தையே கணக்கெடுத்தார்கள். எட்டு முறை நன்றாக நனைந்திருந்தது. தடுப்பூசி போடச் சென்றபோது எடை 3.5 கிலோ. அத்தை அந்த எண்ணை ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள், சர்க்கரைத் தண்ணீர்ப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. குழந்தையைப் பற்ற வைக்கும் முறையை மாற்றியதும் வலப்பக்க வலி பெரிதும் குறைந்திருக்கிறது. மாலை அழுகை தொடர்கிறது, ஆனால் என் அச்சம் தொடரவில்லை. விடுப்பு பற்றி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: பிரெஸ்ட் பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தால் அடிப்பகுதிகூட நிறைவதில்லை. பால் போதும் என்றால் இது ஏன் இப்படி? சயானில் தாய்ப்பால் வங்கி இருப்பதாகக் கணவர் சொன்னார்; தேவைப்பட்டால் அங்கே வாங்க முடியுமா?

சயான் செவிலி (பதில்)

தங்கையே, எடை கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். பம்பில் வரும் அளவு, மார்பில் இருக்கும் அளவு அன்று. குழந்தையின் வாய் செய்யும் வேலையைக் கருவி முழுதாகச் செய்யாது. உடல் அந்தக் கருவிக்குப் பழகவும் சில நாட்கள் ஆகும். மேலும் இப்போது குழந்தை குடித்து முடித்த மிச்சத்தைத்தான் நீங்கள் எடுக்கிறீர்கள். தொடங்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் வைத்து, மெதுவாக நீவிவிடுங்கள். குழந்தை அருகில் இருந்தால் பால் விரைவில் இறங்கும். கையாலும் எடுக்கலாம்: கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேலும் ஆள்காட்டி விரலைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுவியுங்கள், காம்பை இழுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். விரல்களைக் கருவட்டத்தைச் சுற்றி இடம் மாற்றிக்கொண்டே போனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பால் வரும்.

லோகமான்ய திலக் மருத்துவமனையில் உள்ள அந்த வங்கி, மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் 1989இல் தொடங்கப்பட்டது, ஆசியாவிலேயே முதலாவது. தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி, சோதித்து, குறைமாதத்தில் பிறந்த, நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்து நலமாக வளரும் உங்கள் மகளுக்கு அது தேவைப்படாது. இரண்டு, மூன்று மாதங்களில் உங்களிடம் பால் மிகுந்தால், அங்கே தானம் செய்யலாம். அதற்கு முன் உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்பார்கள், பிரசவக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.